இரைப்பைக் கிருமியும் புற்றுநோயும்

நெசவாளியின் மூலதனம் எது என்று கேட்டால் தறி என்பர். விவசாயியின் மூலதனம் எது என்று கேட்டால் நிலமும் மாடும் என்பர். இவை யாவும் மூலதனந்தாம். ஆயினும் இவற்றுக்கெல்லாம் முற்பட்ட மூலதனம் ஒன்று உண்டு; அதுவே உடம்பு. தறி பழுதுபட்டால் சங்கத்தில் கடன் கிடைக்கும். மழை பொய்த்தால் தவணை ஒத்திவைக்கப்படும். உடம்பு பழுதுபட்டாலோ, அன்றைய கூலி அன்றே நின்றுவிடுகிறது. சங்கங்களின் கடன் மனுக்களைப் பார்வையிடும் எவரும், ‘வைத்தியச் செலவுக்காக’ என்ற காரணம் எத்தனை குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்திருக்கிறது என்பதை அறிவர்.

அத்தகைய செலவுகளில் வயிற்று நோய்க்கு ஒரு தனி இடம் உண்டு. நெஞ்சுக் கரிப்பு, புளியேப்பம், மேல்வயிற்று வலி ஆகியவை நம் அங்கத்தினர் பலருக்குப் பழகிப்போன தொல்லைகள். நேரந்தவறி உண்டதால் வந்தது என்றும், காரத்தால் வந்தது என்றும், கவலையால் வந்தது என்றும் அவற்றுக்குக் காரணம் சொல்லிக்கொள்கிறோம். கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுத் தறியில் அமர்கிறோம். ஆனால் வயிற்றுப் புண்ணுக்கும், சிலரிடம் அதற்கும் மேலான கொடிய நோயாகிய இரைப்பைப் புற்றுநோய்க்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி காரணமாக இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் இன்று ஐயமற ஏற்றுக்கொண்டுள்ளது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 9,68,000 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் காணப்பட்டது. சுமார் 6,60,000 பேர் அந்நோயால் மாண்டனர். இத்துணை உயிர்களைக் கொள்ளும் நோயைப் பற்றி நம் அங்கத்தினர் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள. அவற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கொள்கை

இரைப்பையில் எந்த நேரமும் கடுமையான அமிலம் சுரக்கிறது. அந்த அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர்வாழ முடியாது என்பது நெடுங்காலம் மருத்துவர்களின் முடிந்த முடிபாக இருந்தது. ஆகவே, வயிற்றுப் புண்ணுக்கு அமில மிகுதியும் மனக்கவலையுமே காரணம் என்று கொண்டு, அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளையே கொடுத்து வந்தனர். மருந்து உண்ணுங்காலத்தில் புண் ஆறும். நிறுத்தியவுடன் மீண்டும் தோன்றும். இவ்வாறு ஆயுள் முழுவதும் மருந்துண்டவர் பலர்.

புற்றுநோயைக் கிருமியோடு இணைத்துப் பேச மருத்துவர்கள் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த யோஹானஸ் ஃபிபிகர் என்னும் அறிஞர், ஒருவகைப் புழுவினால் எலிகளின் இரைப்பையில் புற்று உண்டாகிறது என்று 1913-இல் அறிவித்தார். அதற்காக 1926-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் அவருக்கு அளிக்கப்பட்டது. ஆனால் பிற்கால ஆராய்ச்சியில் அவர் கண்டவை புற்றே அல்ல என்றும், அந்த எலிகளின் உணவில் ஏ வைட்டமின் குறைந்திருந்ததே அவற்றின் வயிற்றில் கண்ட மாறுதல்களுக்குக் காரணம் என்றும் தெரியவந்தது. ஒரு முறை இவ்வாறு ஏமாந்த துறையினர், மறுமுறை எளிதில் நம்பாமல் போனதில் வியப்பில்லை. தக்க பற்றுச்சீட்டு இல்லாத செலவைத் தணிக்கையில் ஒப்புக்கொள்ள இயலாது அன்றோ? அதுபோலவே இக்கிருமியின் மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கும் ஒவ்வொரு சான்றாகக் கேட்டுப் பெற்ற பின்னரே உலகம் அதனை ஏற்றது.

பெர்த் நகரத்துக் கண்டுபிடிப்பு

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரம் பெர்த். அங்குள்ள ராயல் பெர்த் மருத்துவமனையில் திசுக்களைச் சோதிக்கும் நிபுணராகப் பணியாற்றியவர் டாக்டர் ராபின் வாரன். 1979-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், அதாவது தமது 42-ஆம் பிறந்த நாளன்று, ஒரு நோயாளியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்ட சிறு சதைத்துணுக்கை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, வளைந்த வடிவுடைய கிருமிகள் ஏராளமாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். அது முதல் தம்மிடம் வந்த துணுக்குகளையெல்லாம் கூர்ந்து நோக்கினார். கிருமி இருக்குமிடத்தில் இரைப்பையின் உள்தோல் சிவந்து வீங்கி அழற்சியுற்றிருப்பதும் அவருக்குப் புலப்பட்டது.

1981-இல் டாக்டர் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். இருவரும் நூறு நோயாளிகளைச் சோதித்து, அக்கிருமியைத் தட்டில் வளர்க்க முயன்றனர். வழக்கப்படி தட்டுகளை இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஒன்றும் வளராவிடில் எறிந்துவிடுவர். இவ்வாறு பல தட்டுகள் வீணாயின. 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது தட்டுகள் ஐந்து நாள் வரை எடுக்கப்படாமல் அப்படியே இருந்துவிட்டன. விடுமுறை கழிந்து பார்க்கையில் கிருமி செழித்து வளர்ந்திருந்தது! மெல்ல வளரும் இயல்புடைய அக்கிருமிக்கு இரண்டு நாள் போதாது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஆயினும் உலகம் நம்பவில்லை. அழற்சியுற்ற இடத்தில் கிருமி பின்னர் வந்து குடியேறியிருக்கலாம் அன்றோ என்று கேட்டனர். இக்கேள்விக்கு விடை காணும் பொருட்டு 1984-இல் மார்ஷல் ஒரு துணிகரமான காரியம் செய்தார். முதலில் தம் இரைப்பையில் கிருமி இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்துகொண்டார். பின்னர் கிருமி நிறைந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. மீண்டும் குழாய் செலுத்திச் சோதித்தபோது, நல்ல நிலையில் இருந்த அவருடைய இரைப்பை அழற்சியுற்றிருந்தது. அங்கே கிருமியும் காணப்பட்டது. அதன் பின் மருந்துண்டு குணமடைந்தார். இச்சோதனையால் புண்ணோ புற்றோ உண்டாகும் என்பது நிறுவப்படவில்லை. ஆரோக்கியமான வயிற்றில் அழற்சியை உண்டாக்க இக்கிருமி வல்லது என்பது மட்டும் தெளிவாயிற்று. கிருமியை அகற்றினால் சிறுகுடல் முகப்பிலுள்ள புண் ஆறி மீண்டும் வராதிருக்கிறது என்பதைப் பிற்காலச் சோதனைகள் காட்டின. 2005-இல் இவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. டாக்டர் வாரன் 2024-ஆம் ஆண்டில் காலமானார்.

இக்கிருமிக்கு 1989-இல் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்று பெயர் நிலைபெற்றது. திருகு வடிவுடைய கிருமி என்பது முதற்சொல்லின் பொருள். இரைப்பையின் கீழ்வாயிலைக் குறிப்பது இரண்டாம் சொல்.

கிருமி செய்யும் வேலை

அமிலத்தில் இக்கிருமி எவ்வாறு பிழைக்கிறது? யூரியாவை நாம் உரமாக அறிவோம். அதே பொருள் நம் உடம்பிலும் சிறிதளவு உண்டு. இக்கிருமி தன்னிடமுள்ள ஒரு நொதியினால் யூரியாவைப் பிரித்து அமோனியாவை உண்டாக்குகிறது. அமோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்தி விடுகிறது. அந்தக் காப்பில் இருந்தவாறே கிருமி தன் வாலிழைகளால் நீந்திச் சென்று, இரைப்பையின் உட்சுவரை மூடியுள்ள கோழைப் படலத்துள் புகுந்து குடியேறுகிறது. வயலில் இடும் யூரியா அமோனியா நெடி வீசுவதைக் கண்ட விவசாயிக்கு இந்த வித்தை எளிதில் விளங்கும்.

பெரும்பாலோருக்கு இக்கிருமி குழந்தைப் பருவத்திலேயே, அதிலும் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே தொற்றுகிறது. மருந்தினால் அகற்றப்படாவிடில் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. சிலவகைக் கிருமிகளிடம் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதன் வழியே ‘காக்-ஏ’ என்னும் புரதத்தை இரைப்பையின் உயிரணுக்களுக்குள் செலுத்தி, அவற்றின் ஒழுங்கைக் குலைக்கின்றன. இவ்வகைக் கிருமியால் வரும் கேடு மிகுதி.

ஒரு நாளில் வரும் தீமையன்று இது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நட்டம் காட்டிவரும் சங்கத்தின் நிலை போன்றது. முதலில் நெடுநாள் அழற்சி. பின்னர் அமிலத்தைச் சுரக்கும் சுரப்பிகள் மெல்லத் தேய்கின்றன. அதன்பின் இரைப்பையின் உள்தோல் தன் இயல்பை இழந்து குடலின் உள்தோலைப் போல் மாறுகிறது. அடுத்து உயிரணுக்கள் உருக்குலைகின்றன. இறுதியிலே புற்று. இப்படிகளை 1975-ஆம் ஆண்டிலேயே வகுத்துக் காட்டியவர் கொலம்பியாவில் பிறந்த பெலாயோ கொர்ரேயா என்னும் அறிஞர். அவர் எழுதிய காலத்தில் முதற்படிக்குரிய காரணம் தெரியவில்லை. பெர்த் நகரத்துக் கண்டுபிடிப்பு அந்தக் குறையை நிறைவாக்கிற்று. ஒரு படியிலிருந்து மறுபடிக்குச் செல்லப் பல ஆண்டுகளாகும். முழுப் பயணத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். எல்லோரும் கடைசிப் படி வரை செல்வதுமில்லை.

சான்றுகள்

முதற்சான்று பழைய இரத்தம் தந்தது. ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய வமிசத்து ஆடவர் 5,908 பேரிடமிருந்து 1967 முதல் 1970 வரை இரத்தம் எடுத்துச் சேமித்து வைத்திருந்தனர். 1989-க்குள் அவர்களில் இரைப்பைப் புற்று வந்த 109 பேரின் பழைய இரத்தத்தையும், நோய் வராத அத்தனை பேரின் இரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டனர். நோய் வந்தவர்களில் 94 சதவிகிதத்தினரிடம் கிருமி தொற்றியதற்கான அடையாளம் இருந்தது. வராதவர்களிடம் அது 76 சதவிகிதமே. நோய் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே கிருமி இருந்தது என்பதை இச்சான்று காட்டிற்று. இந்த முடிவு 1991-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் வேறு இரு ஆய்வுகளும் இதனையொட்டியே அமைந்தன. இவற்றைப் பரிசீலித்து, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1994-இல் இக்கிருமியை மனிதருக்குப் புற்றை விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

இரண்டாவது சான்று, இரைப்பையில் தோன்றும் ‘லிம்போமா’ என்னும் வேறொரு வகைப் புற்றைப் பற்றியது. அதன் ஆரம்ப நிலையிலிருந்த ஆறு நோயாளிகளுக்குக் கிருமியை அழிக்கும் மருந்து மட்டும் கொடுத்ததில் ஐவருக்குக் கட்டி மறைந்தது என்று 1993-இல் அறிவிக்கப்பட்டது. மூன்றாவது சான்று, மங்கோலியப் பாலைவன எலிகளுக்குக் கிருமியை ஊட்டியதில் அவற்றில் பலவற்றுக்கு இரைப்பைப் புற்று உண்டானது என்ற ஜப்பானிய ஆய்வு. இது 1998-இல் வெளியாயிற்று.

நான்காவது சான்று ஜப்பானில் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்ததில் கிடைத்தது. கிருமியுடையோர் 1,246 பேரையும் கிருமியில்லாதோர் 280 பேரையும் சராசரி 7.8 ஆண்டுகள் கண்காணித்தனர். கிருமியுடையோரில் 36 பேருக்குப் புற்று வந்தது. கிருமியில்லாதோரில் ஒருவருக்கேனும் வரவில்லை. 2001-இல் வெளியான இந்த ஆய்வு, கணக்கறிந்தோர் அனைவரையும் சிந்திக்க வைத்தது.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூறவேண்டும். உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இக்கிருமி இருந்துவந்திருக்கிறது. அவர்களில் புற்றுநோய்க்கு ஆளாவோர் நூற்றுக்கு ஒருவரிலிருந்து மூவர் வரையே. ஆகையால் கிருமி இருக்கிறது என்று அறிந்த மாத்திரத்தில் புற்று வந்துவிட்டதாக எண்ணி அஞ்சுவது பேதைமை. எனினும், மேல்வாயை அடுத்த பகுதி நீங்கலாக, இரைப்பையில் தோன்றும் புற்றில் பத்தில் ஒன்பது பங்கு இக்கிருமியைச் சார்ந்தது என்று நிபுணர்கள் கணக்கிட்டுள்ளனர். இரண்டு கணக்குகளும் உண்மை. ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை மறப்பது முறையன்று.

தீராத புதிர்

சான்றுகள் இவ்வளவு இருந்தும் விளங்காத சில உள. கொலம்பியாவின் தென்மேற்கில் நாரின்யோ என்னும் மாகாணம் இருக்கிறது. அதன் மலைப்பகுதியிலும் கடற்கரையிலும் கிருமி ஏறத்தாழ ஒரே அளவில் பரவியுள்ளது. ஆனால் மலைவாசிகளிடம் இரைப்பைப் புற்று மிகுதி. கடற்கரையில் வாழ்வோரிடம் வெகு குறைவு. கிருமியின் பூர்வீகமும் அதைத் தாங்கும் மக்களின் பூர்வீகமும் பொருந்தாத இடங்களில் கேடு மிகுகிறது என்று சில ஆராய்ச்சியாளர்கள் காட்டியுள்ளனர். உணவும் பிற காரணங்களும் உண்டென்பர் வேறு சிலர்.

நம் நாட்டிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கிருமி பரவலாக இருந்தபோதிலும் இந்தியாவின் பல பகுதிகளில் இரைப்பைப் புற்று அவ்வளவாக இல்லை. வடகிழக்கில், குறிப்பாக மிசோரத்தில், அது மிகுதி. புகையில் வாட்டிய இறைச்சி, புகையிலைப் புகையை நீரில் செலுத்தித் தயாரிக்கும் ‘துய்புர்’ என்ற பானம் ஆகிய பழக்கங்களோடு அதனை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தியுள்ளனர். வட இந்திய நகரங்களை நோக்கத் தெற்கில் இந்நோய் கூடுதல். சென்னை நகரில் 1980-களில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்ட காலத்தில், ஆடவருக்கு வரும் புற்றுகளுள் இரைப்பைப் புற்று முன்வரிசையில் இருந்தது. ஆகவே தமிழ்நாட்டில் வாழும் நாம் இதனைப் பிற தேசத்தார் கதையென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

விதை ஒன்றே ஆயினும் நிலத்துக்கு நிலம் விளைவு வேறுபடுவதைக் காண்கிறோம். கிருமி விதை என்றால், உப்பு மிகுந்த உணவும், புகைபிடித்தலும், காய்கனி குறைந்த உணவும், பரம்பரை இயல்பும் நிலத்தின் குணங்களாகும்.

லின்ச்சூ கிராமங்களின் அனுபவம்

கிருமியை அகற்றினால் புற்று குறையுமா? இக்கேள்விக்கு விடை தந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்து மக்கள் என்பது நம் அங்கத்தினர் அறியத்தக்கது. சீன தேசத்தில் ஷான்டோங் மாகாணத்தைச் சேர்ந்த லின்ச்சூ என்னும் வட்டாரம் இரைப்பைப் புற்றுக்குப் பேர்போனது. 1995-இல் அவ்வட்டாரத்தின் 13 கிராமங்களில் 35 முதல் 64 வயது வரையுள்ளோர் ஒரு பெரும் சோதனையில் பங்குகொண்டனர். கிருமியுடையோர் 2,258 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரம் மட்டும் கிருமியை அழிக்கும் மருந்து. மறு பிரிவினருக்குப் பார்வைக்கு அதேபோன்ற, மருந்தற்ற மாத்திரை. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மருந்துண்டவருள் நூற்றுக்கு 3.0 பேருக்கும் உண்ணாதவருள் நூற்றுக்கு 4.6 பேருக்கும் புற்று வந்திருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் பயன் மறையவில்லை. நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டு வாரத்து மருந்து இரண்டு பத்தாண்டுகளுக்குக் காவல் நின்றது என்றால் மிகையாகாது.

அதே சோதனையில் பூண்டுச் சத்தும் வைட்டமின்களும் ஏழாண்டுக் காலம் தனித்தனியே கொடுத்துப் பார்க்கப்பட்டன. முதல் ஆண்டுகளில் இவற்றால் பயன் தெரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுக் கணக்கில் மட்டும், இவற்றை உண்டோரிடையே இரைப்பைப் புற்றால் இறந்தவர்கள் குறைந்திருந்தனர். இதைக் கேட்டுப் பூண்டே மருந்து என்று எவரும் கிளம்பிவிடலாகாது. கிருமியை அகற்றும் வல்லமை பூண்டுக்கு இருப்பதாக அச்சோதனை கூறவில்லை.

பின்னர் 2011-இல் தொடங்கி அதே வட்டாரத்தின் 980 கிராமங்களில் 1,80,284 பேரைக் கொண்டு இன்னும் பெரிய முயற்சி நடந்தது. கிராமம் கிராமமாகவே பிரித்து, சில கிராமங்களுக்கு முழு மருந்தும் சில கிராமங்களுக்குக் குறைந்த அளவு மருந்தும் கொடுத்தனர். 2024-இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் முழு மருந்து பெற்றவரிடம் புற்று 14 சதவிகிதம் குறைந்தது. இளவயதில் மருந்துண்டு கிருமி முற்றும் நீங்கியவர்களிடம் பயன் கூடுதலாயிருந்தது. தைவானைச் சேர்ந்த மாட்சுத் தீவுகளில் 2004 முதல் தீவு மக்கள் அனைவரையும் சோதித்து மருந்து கொடுத்ததில், நோய் பாதிக்கு மேல் குறைந்தது என்று 2021-இல் அறிவித்தனர். கொரியாவில் இரைப்பைப் புற்று கண்டவர்களின் உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருக்குக் கிருமியை அகற்ற மருந்து கொடுத்ததில், 832 பேரில் 10 பேருக்கே நோய் வந்தது. மருந்தற்ற மாத்திரை பெற்ற 844 பேரில் 23 பேருக்கு வந்தது. ஜப்பான் தேசம் 2013 முதல், புண் இல்லாமல் கிருமியால் அழற்சி மட்டும் உடையோருக்கும் இச்சிகிச்சைச் செலவைத் தேசிய இன்ஷூரன்ஸில் சேர்த்தது.

இவற்றிலிருந்து ஒரு படிப்பினை தெளிவாகும். சுரப்பிகள் தேய்ந்து உள்தோல் மாறிய பின்னர் கொடுக்கும் மருந்தைவிட, அதற்கு முன்னரே கொடுக்கும் மருந்தே பெரும்பயன் தருகிறது. நட்டம் சிறிதாயிருக்கும்போதே திருத்துவது எளிது. சங்கத்தைக் கலைக்கும் கட்டத்துக்கு வந்த பின் எந்த அதிகாரி வந்தும் பயனில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, வயிற்று வலியை வழக்கம் என்று விட்டுவிடாதிருத்தல். வாரக்கணக்கில் நீடிக்கும் வலிக்குக் கடை மாத்திரையை நம்பியிராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறிது உண்டவுடனே வயிறு நிறைந்துவிடுதல், விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், இரத்த சோகை, இரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. குழாய் செலுத்திப் பார்க்கும் ‘எண்டோஸ்கோப்பி’ சோதனைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆரம்பத்தில் கண்ட இரைப்பைப் புற்று குணப்படக்கூடியது. முற்றிய பின் காண்பதே உயிருக்கு உலையாகிறது.

இரண்டாவதாக, கிருமி இருக்கிறதா என்பதை அறியச் சுவாசச் சோதனை, மலச் சோதனை போன்ற எளிய வழிகள் உண்டு. வயிற்றுப் புண் உள்ளவர்களும், தாய் தந்தை, உடன்பிறந்தார் ஆகியோருள் எவருக்கேனும் இரைப்பைப் புற்று வந்திருக்கும் குடும்பத்தினரும் மருத்துவரைக் கேட்டு இச்சோதனையைச் செய்துகொள்வது நலம்.

மூன்றாவதாக, மருந்தை முழுமையாக உண்ணுதல். கிருமியை அழிக்க இரண்டு மூன்று வகை மருந்துகளை அமிலத்தைத் தணிக்கும் மருந்தோடு சேர்த்துப் பெரும்பாலும் பதினான்கு நாட்கள் கொடுக்கின்றனர். நாலைந்து நாளில் வலி தணிந்தவுடன் நிறுத்திவிட்டால், மிஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காத இனமாகப் பெருகுகின்றன. பல நாடுகளில் முன்பு பயன் தந்த மருந்துகள் இன்று பயன் தராமற் போயுள்ளன. பாதி பாவில் தறியை நிறுத்திவிட்டு எழுந்தால் சேலை ஆகுமா? மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறு சோதனை செய்து, கிருமி நீங்கிற்றா என்று அறிதலும் அவசியம்.

நான்காவதாக, முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் தாமே மாத்திரை வாங்கி உண்பதைக் குறைத்தல். நாள் முழுதும் குழித்தறியில் அமர்வோரும், குனிந்து நாற்று நடுவோரும் இப்பழக்கத்துக்கு எளிதில் ஆளாகின்றனர். வலி மாத்திரைகள் பல, கிருமியின் துணையின்றியே இரைப்பையைப் புண்ணாக்க வல்லவை. கிருமியும் உள்ளவரிடம் இரண்டும் சேர்ந்து கேட்டை மிகுவிக்கின்றன.

ஐந்தாவதாக, உணவும் தூய்மையும். உப்பிட்டுப் பதப்படுத்திய பண்டங்களையும் கருவாட்டையும் அளவோடு கொள்ளுதல், பீடி சிகரெட்டை அறவே விடுதல், விளைகின்ற காய்கனிகளில் ஒரு பங்கையேனும் சந்தைக்கு அனுப்பாமல் தம் குழந்தைகளுக்கு வைத்துக்கொள்ளுதல், நீரைக் காய்ச்சிப் பருகுதல், கழிப்பிடத்துக்குச் சென்ற பின்னும் உணவுக்கு முன்னும் சோப்பினால் கை கழுவுதல் ஆகியவை புதியவை அல்ல. ஆனால் அவற்றின் மதிப்பு பெரிது. 1930-களில் அமெரிக்க நாட்டில் புற்றுநோய்ச் சாவுகளில் இரைப்பைப் புற்றே முதன்மையானது. கிருமியின் பெயரையே அறியாத காலத்தில், நல்ல குடிநீரும், நெருக்கமற்ற வீடும், உப்பிடாமல் உணவைக் காக்கும் குளிர்சாதனமும் பரவியதுடன் அந்நோய் அங்கே ஆண்டுக்காண்டு குறைந்தது.

சங்கத்தின் கடமை

மேற்கூறியவற்றில் தனி மனிதன் செய்யக்கூடியவை சில. கூடியே செய்யவேண்டியவை பல. நல்ல குடிநீரும் கழிப்பிடமும் ஒருவர் மட்டும் தேடிக்கொள்ளக் கூடியவை அல்ல. ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் கிருமி நீங்கினால் போதாது. தண்ணீரும் தெருவும் தூய்மையற்றிருந்தால் அடுத்த தலைமுறைக் குழந்தைகளைக் கிருமி மீண்டும் பற்றும். லின்ச்சூ வட்டாரத்துக் கிராமங்கள் ஒன்றாகச் சேர்ந்து நின்றதால்தான் உலகத்துக்கே பயன்படும் விடை கிடைத்தது. ஒருவர் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒருவருக்காகவும் என்ற கூட்டுறவுக் கோட்பாட்டுக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

நிர்வாகக் குழுவினர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அருகிலுள்ள அரசாங்க மருத்துவரை அழைத்து, மகாசபைக் கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் அங்கத்தினர்களுக்கு வயிற்று நோய் பற்றிப் பேசச் செய்யலாம். பொது நல நிதி உள்ள சங்கங்கள், துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவுக்கு, ஏழை அங்கத்தினரின் சோதனைச் செலவுக்கு உதவலாம். பின்னால் பெருங்கடன் கொடுத்து வசூலிக்க முடியாமல் திகைப்பதைவிட, முன்னால் சிறுதொகை செலவிடுவது சிக்கனமே. பெண் அங்கத்தினர்களைத் தனியே கூட்டிப் பேசுவது மேலும் நன்று. வீட்டில் எல்லோரும் உண்ட பின் உண்டு, தம் வலியை வெளியிற் சொல்லாமல் அடக்கி வாழ்வோர் அவர்களே.

கண்ணுக்குத் தெரியாத எதிரி என்று அஞ்சிய காலம் போயிற்று. இக்கிருமியை இன்று பெயர் சொல்லி அறிவோம். கண்டுபிடிக்கும் வழி அறிவோம். விரட்டும் மருந்தும் அறிவோம். எஞ்சியிருப்பது நம் அசட்டையைப் போக்குவதே. நூல் நைந்த இடத்தைத் துணி கிழியும் முன்பே கண்டு முடிபோடும் நெசவாளிக்கும், பூச்சி விழுந்த இலையைப் பயிர் முழுதும் பரவுமுன் கிள்ளியெறியும் விவசாயிக்கும் இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தொழிலில் காட்டும் அதே விழிப்பை அங்கத்தினர்கள் தம் உடம்பிலும் தம் குடும்பத்தார் உடம்பிலும் காட்டுவார்களாக.